அத்தானும் ஆறு சிலிண்டரும்

எங்கள் அத்தானுக்குப் பிடிக்காத ஒரே சாமான் சுத்தியல். பட்டாளத்தில் வருஷக்கணக்காக வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், வன்னியம்பட்டித் தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தவர், அவரிடம் சுத்தியல் கிடையாது என்றால் யாராவது நம்புவார்களா? ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கும். ஜாக்கி உண்டு, இஞ்சினைத் தூக்க செயின் பிளாக் உண்டு, வெல்டிங் மிஷின் உண்டு. வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டும் என்றால் மட்டும் என் அக்கா அம்மிக் குழவியைத் தேட வேண்டும்.

"சுத்தியல் பக்கத்துல கெடந்தா கை அதத்தான் தேடும்ட்டி" என்பார். "ஒண்ணு இன்னொண்ணுல இடிக்குதுன்னா அங்க என்னமோ சங்கதி இருக்கு. அடிச்சு நொழச்சிட்டோம்னா அந்தச் சங்கதி என்னன்னே தெரியாமப் போயிரும்."

நான் அவருக்கு நேர் எதிர். சாவி திரும்பவில்லை என்றால் கதவை உதைக்கிற ஜாதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கே என் மேஜை இழுப்பறை திறக்கவில்லை என்றால் சத்தம் வாசல்வரை கேட்கும். அக்கா புருஷன் என்பதால் அவர் எனக்கு அத்தான். கொழுந்தியாள் என்கிற உரிமையில் நான் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது, அவரும் லேசில் விட்டதில்லை. இப்போது அவர் இல்லை. கேலி செய்ய ஆள் இல்லாமல் எனக்கு வாய் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அரிப்புக்குத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். எங்கள் வீட்டு நிலைவாசலில் தலை குனியாமல் நுழைந்ததே இல்லை. அவ்வளவு நீளமான உடம்பை வைத்துக்கொண்டு எந்த இடத்திலும் யார் மேலும் முட்டாமல் நடமாடுவது எப்படி என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தாலும் பக்கத்து ஆளுக்கு இடம் மிச்சம் இருக்கும்.

நாங்கள் வாடகை வீடு மாறியபோது மாடிப்படித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. தூக்கி வந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் கொத்திவிட்டால் போய்விடும் என்றார்கள். நானும் கொத்துங்கள் என்றுதான் சொன்னேன். வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை அப்போது கவனிக்கவில்லை. அத்தான் வந்து படியில் உட்கார்ந்து, நான் வாங்கி வைத்திருந்த உளுந்தவடையைத் தின்றபடி பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன அத்தான், பொண்ணு பாக்க வந்தியளா?"

"பொறுட்டி, இதுக்குக் கால் எம்புட்டு நீளம் பாத்தியா? கால்தான் கைப்பிடியில போயி மாட்டுது. தலைகீழாத் தூக்கச் சொல்லு."

தலைகீழாகத் தூக்கினார்கள். கால்கள் கைப்பிடிக்கு மேலே ஆகாயத்தில் போயின, பீரோ நோகாமல் திரும்பி உள்ளே போனது. உள்ளே இருந்த என் பட்டுச் சேலைகள் அத்தனையும் கவிழ்ந்து குவியலாகக் கிடந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பொருத்துவார். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மாமாக்கள் ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார வேண்டி வந்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அத்தான் போய், இருவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேனைக் கொண்டு வந்து வைத்துவிட்டு வந்தார். "ரெண்டு பேரும் சும்மா இருக்கும்போது ஒண்ணும் ஆகாது. பாயசம் வரும்போது கை நீட்டுவாக. நிக்கும்போது பாத்த எடம், ஓடும்போது பத்தாது" என்றார். இஞ்சினைப் பற்றிச் சொல்கிற அதே வார்த்தைதான். இஞ்சின் நிற்கும்போது சாதுவாக இருக்கும், ஓடும்போது தன் ரப்பர் மேல் உட்கார்ந்தபடி ஆடும், அதனால் சுற்றிலும் இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது அவருடைய வேதம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேகம் பிடிக்கும். கல்யாணமான புதிதில் அத்தானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "முன்னால போற பஸ்ஸத் தாண்டுங்க" என்று முதுகில் தட்டிக்கொண்டே வருவாளாம். நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து பேசாத பொம்பளை, ரோட்டில் அப்படி. தோப்பில் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து வலது முட்டி உடைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வலி போயிற்று, ஆனால் கால் மடங்கவில்லை. நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவில் குறுக்காகக் காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் வெளியே நிற்கும். காரில் முன்சீட்டில் கால் நுழையாது. அதைவிட, ஏற்றி இறக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதையே விட்டுவிட்டாள். ராஜபாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்குக்கூட வரவில்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். போகப் போகப் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அத்தானிடம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ வெளிநாட்டுக்காரன், பழைய குட்டி வண்டி ஒன்றுக்குள் பெரிய இஞ்சினை வைத்து, புழுதி பறக்க உறுமிக்கொண்டு போகிறான். "இதுக்கு ஹாட் ராடுன்னு பேராம் அண்ணாச்சி" என்றார்.

"இத்தாம் பெரிய இஞ்சின அந்தச் சின்ன வண்டிக்குள்ள திணிச்சிருக்கானே" என்றேன் நான்.

"திணிக்கலட்டி. உக்கார வச்சிருக்கான்" என்றார் அத்தான்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அக்காவின் குரல் கேட்டது. "எம்புட்டு வேகம் போகுமாம்?"

நாங்கள் மூன்று பேரும் உள்ளே திரும்பிப் பார்த்தோம். அவளாக ஒன்றைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அத்தான் எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே தேங்காய் ஏற்றுவதற்கு வைத்திருந்த பழைய ஜீப் நின்றது.

அதற்குள் ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்றை வைத்து, முன்சீட்டில் அக்காவைக் காலை நீட்டி உட்கார வைத்து, ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று திட்டம். அவளுக்கு அங்கே மலையடிவாரத்தில் ஓடும் ஆற்றின் மேல் ஒரு பிரியம். "ஆறு சிலிண்டர் எதுக்கு அத்தான், இருக்கிற நாலே போதாதா?" என்று கேட்டேன். "உங்கக்கா எவ்வளவு வேகம்னு கேட்டாளே, கேக்கலையா நீ?" என்றார். அனுமதி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவர் நடந்த நடை தனிக் கதை, அதைத் தொட்டால் இது முடியாது.

முதல் வேலையாக அக்காவை ஜீப்பில் உட்கார வைத்து, நீட்டிய காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம் விட்டு இன்னொரு கோடு. வண்டி குலுங்கும்போது கால் முன்னால் போகுமாம். "இந்தக் கோட்டத் தாண்டி எதுவும் வரக்கூடாது" என்று யாரிடமோ உத்தரவு போடுகிற மாதிரி சொன்னார். கொட்டகையில் என்னையும் அக்காவையும் தவிர ஆளில்லை.

இஞ்சின் மதுரையில் ஒரு உடைசல் கடையில் இருந்தது. பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றியது. நீளமான இஞ்சின். அங்கே போய் அதை விரலால் தடவித் தடவி அளந்துவிட்டு வந்து, அதே அளவில் அட்டையில் ஒரு இஞ்சின் செய்தார். வில்லிபுத்தூர்ப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? பால்கோவா கடைகளில் கேட்டு வாங்கிய பெட்டிகளை வெட்டி, அடுக்கி, டேப் ஒட்டி, முன்னால் பெல்ட் ஓடும் கப்பி, பக்கத்தில் புகைக்குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அதை ஜீப்பின் முன்பக்கத்தில் இறக்கிப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து விரலை விட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ரேடியேட்டர் எங்கே, ஃபேன் எங்கே என்பதையெல்லாம் அந்த அட்டை இஞ்சினை வைத்துத்தான் முடிவு செய்யப்போவதாகச் சொன்னார்.

உலகத்தில் எந்த ஹாட் ராட்காரனுக்கும் வராத சோதனை எங்களுக்கு வந்தது. இஞ்சினில் எறும்பு மொய்த்தது. பால்கோவா வாசத்துக்கு வரிசை கட்டி வந்த எறும்பு, கொட்டகையிலிருந்து அப்படியே அடுப்படிக்கும் வழி கண்டுபிடித்தது. அத்தான் ஊரில் இல்லாத ஒரு நாள் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய், அட்டை இஞ்சினைப் பிரித்து வெயிலில் தட்டிக் காயவைத்து, அவர் வருவதற்குள் திரும்ப ஒட்டி வைத்துவிட்டாள். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. அந்த அட்டை இஞ்சினை அளந்துதான் அத்தான் ரேடியேட்டரை மாட்டி, எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து முடித்தார்.

நிஜ இஞ்சின் வந்த அன்று வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். செயின் பிளாக்கில் தொங்கிய இஞ்சினை அத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இறங்கியது, இறங்கியது, நின்றுவிட்டது. முன்னால் கப்பி ரேடியேட்டரில் முட்டியது. பின்னால் தள்ளினால், இஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில் முட்டியது. மறுபடி தூக்கினார், இறக்கினார். நாலு விரல் நீளம் அதிகமாக இருந்தது.

"ஒரு சுத்தியல் வாங்கிட்டு வரவா அத்தான்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயைக் கழுவிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், போனோம். அடுப்படியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெள்ளைப்பூண்டு இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் வரைந்த வட்டமும் நடுவில் புள்ளியும். அட்டை இஞ்சினின் முன்கப்பிப் பெட்டி! திரும்ப ஒட்டும்போது அக்கா அதை மட்டும் விட்டுவிட்டாள். அத்தான் அதைப் பார்த்தார், அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

"என்ன பாக்கீக? பூண்டு வச்சிருக்கேன். காத்தோட்டமா நல்ல பெட்டி" என்றாள் அக்கா.

"ஆமா, நல்ல பெட்டிதான்" என்றார் அத்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? உங்க பொழப்பையே கெடுத்துட்டு அதுல பூண்டு போட்டு வச்சிருக்கா."

"சொல்லி என்னட்டி ஆவப்போவுது? பொறவு வண்டியில ஏறும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும். காத்து வாங்கவா போறோம், வருத்தப்படவா போறோம்?" என்றார். அக்காவிடம் இதை நானும் சொன்னதில்லை. இன்றைக்கும் அந்தப் பெட்டியில்தான் பூண்டு வைத்திருக்கிறாள்.

ரேடியேட்டரை ஏற்கெனவே எவ்வளவு முன்னால் தள்ளலாமோ அவ்வளவு தள்ளியிருந்தார். இன்னும் தள்ளினால் அதற்குத் தனியாகச் சக்கரம் வைத்து முன்னால் விட வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே வழி. தகரச் சுவரை வெட்டி, நாலு விரல் உள்ளே வாங்க வேண்டும். உள்ளே என்றால் சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே, அக்காவின் வலது கால் நீளுகிற இடத்துக்கு. அத்தான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் போய், ஆறு சிலிண்டர் சேராது, பழைய நாலு சிலிண்டரையே திரும்ப வைத்துவிடலாம் என்று சொன்னார்.

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆறுன்னு சொன்னீகளே?"

"கால் இடிக்கும்டி."

"இடிச்சா இடிச்சிட்டுப் போவுது. அது என்ன மடங்கவா போவுது?"

"வெளையாடாத. அந்த எடத்துல சூடும் இருக்கும்."

"அப்ப எனக்கு வேண்டாம். தேங்கா வண்டியில என்னையும் ஒரு மூட்டையாத் தூக்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போவீக, ஊர் பாத்துப் பாவம் பாவம்னு சொல்லும். நான் வரல. நீங்க தேங்காயே ஏத்துங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் புறப்படும்வரை திரும்பவில்லை. ஆறு வைத்தால் அவளால் உட்கார முடியாது, நாலு வைத்தால் அவள் உட்கார மாட்டாள். அந்தக் கட்டிலிலேயே என் அக்கா மிச்சக் காலத்தைக் கழித்துவிடுவாள் என்று நினைத்து பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

பிறகு கொஞ்ச நாள் அத்தானிடமிருந்து சத்தமே இல்லை. நான் போன் செய்தால், "பாத்துட்டு இருக்கேன்" என்பார். பார்ப்பது ஒரு வேலையா என்று எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் மத்தியானம் மில்லில் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"சேந்துட்டுட்டி."

"எப்படி அத்தான்?"

"சேந்துட்டுன்னா சேந்துட்டு. ஞாயித்துக்கெழம வா."

போனேன். அக்கா முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கால் நேராக நீண்டு கிடந்தது. பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம். சாக்பீஸ் கோடு அழியாமல் அப்படியே இருந்தது. ஆறு சிலிண்டரும் உள்ளே உட்கார்ந்திருந்தது. நான் அக்காவின் பக்கம் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "மந்திரவாதி அத்தான் நீங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் எல்லாம் குஷிதான். இஞ்சின் மேல் சப்பாத்தி மாவை உருண்டை உருண்டையாக வைத்துப் பானெட்டை மூடித் திறந்தார். மாவு எங்கே அப்பளமாக நசுங்கியிருக்கிறதோ அங்கே இடம் பத்தாது என்று அர்த்தம். நடுவில் ஒரு உருண்டை அப்பளத்தைவிட மெலிந்திருந்தது. அந்த இடத்தில் பானெட்டை வட்டமாக வெட்டிவிட்டு, அதற்கு மூடி தேடிப் பாத்திரக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வட்டமாக வெட்டிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துப் பார்த்தவரைக் கடைக்கார பாய் வெகுநேரம் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எத்தன பேருக்குச் சமைக்கணும்? சொன்னா நானே எடுத்துத் தருவேன்லா."

"சமைக்க இல்ல பாய். இஞ்சினுக்குத் தொப்பி."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அப்படின்னா அடி கனமா எடுங்க. சூடு தாங்கும்" என்று சொல்லி ஒரு அலுமினியச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். அது சரியாகப் பொருந்தியது.

அடுத்து மட்கார்டு. வண்டியில் ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், அப்போது சக்கரம் மட்கார்டில் உரசுமா என்று பார்க்க வேண்டும். அத்தான் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கறிவிருந்துக்குக் கூப்பிட்டார். வயிறாரப் போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்து, "அப்படியே செத்த நேரம் வண்டியில உக்காருங்க" என்றார். டயரில் சாக்பீஸ் தடவியிருந்தது. ஓட்டுகிற சீட்டில் ஒரு தேங்காய் மூட்டை, அக்காவின் சீட்டில் ஒரு பெரிய மாமா, பின்னால் ஏழெட்டுப் பேர். அத்தான் கீழே படுத்து டார்ச் அடித்துக்கொண்டு, "எல்லாரும் எடதுபக்கம் சாயிங்க, வலதுபக்கம் சாயிங்க" என்று கட்டளை போட்டார். "கறி தின்ன வச்சது எடை கூடுறதுக்குத்தானா மாப்ள?" என்று மாமா கத்தினார். கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்த அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சாப்பிட்டது அப்போதே செரித்துவிட்டது.

அய்யனார் கோவிலுக்குப் போன நாளைச் சொல்கிறேன். அக்கா நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அத்தான் முன்னாடியே ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் கிளம்பியதும் தென்னைமரத்துக் காகமெல்லாம் பறந்தது. வில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஏறியவுடன் வேகம் பிடித்தது பாருங்கள், காற்றில் என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அக்காவின் பூ பிய்ந்து என் முகத்தில் வந்து ஒட்டியது.

"முன்னால போற பஸ்ஸத் தாண்டுங்க!" என்று அக்கா கத்தினாள்.

தாண்டினார். பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமைதான் இருந்தது. அக்கா அவர்களுக்குக் கையை ஆட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து சந்தோஷத்தில் என்னென்னவோ உளறிக்கொண்டு வந்தேன்.

கோவில் பக்கத்தில் மரநிழலில் வண்டியை நிறுத்தியதும் அத்தான் இறங்கவில்லை. "நீங்க ஆத்தப் பாத்துட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கிடுறேன்" என்றார். நான் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். தடியை ஊன்றி மெதுவாக நடந்தோம். தண்ணீர் பாறைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திடீரென்று திரும்பினாள்.

"அவிய ஏன் வரல? இஞ்சின் நின்னா மொத ஆளா எறங்கிச் சுத்தி வந்து பாக்கிற மனுசன்லா?"

திரும்பி வந்தோம். அத்தான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. நானும் கோவிலுக்கு வந்த ஒருவரும் சேர்ந்து தோளைப் பிடித்து வெளியே இழுத்தோம். வேட்டி விலகியபோது இடது காலைப் பார்த்தேன். முழங்காலின் பக்கவாட்டில் இடித்து இடித்துக் கன்றியிருந்தது. கெண்டைக்கால் சூட்டில் சிவந்து கிடந்தது. அப்போதுதான் நான் முதல் தடவையாக அவர் பக்கம் தலையை விட்டுப் பார்த்தேன். அந்த நீள இஞ்சினை அவர் நடுவில் வைக்கவில்லை. வலதுபக்கமாக, தன் பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். அக்காவின் பக்கம் எடுக்காத நாலு விரலை இந்தப் பக்கம் எடுத்திருந்தார். தகரச் சுவர் புடைத்துக்கொண்டு அவர் சீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பெடல்கள் ஓரத்தில் நெருக்கியடித்து இருந்தன. என்னை மாதிரிக் குள்ளமான ஆளே கஷ்டப்பட்டு உட்கார வேண்டிய இடத்தில் அந்த நெடிய மனுஷர் தன்னை மடித்து வைத்திருந்தார்.

அக்காவும் பார்த்தாள். எனக்கு முன்பே புரிந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு கால்தான மடங்காது" என்றாள். "அதுக்காக நீங்க ரெண்டு காலையும் மடக்கி வச்சிக்கிட்டீகளே. கிறுக்கா உங்களுக்கு?"

"அதான் சேந்துட்டுல்ல?" என்றார் அத்தான். காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, பிடிபட்ட ஆள் மாதிரி சிரித்தார்.

"என்னத்த சேந்துட்டு? நாளைக்கே அந்த இஞ்சின எறக்குங்க. நாலே போதும் எனக்கு."

"நாலு வச்சா நீ வரமாட்டேன்னு சொன்னியே."

அக்கா தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த மனுஷரை அப்போது எனக்குப் பிடித்த மாதிரி யாரையும் பிடித்ததில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார்.

சாயங்காலம் கிளம்பினோம். அவர் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து, மடக்கி, நுழைந்து உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள்.

"மெதுவாப் போவமா?" என்று கேட்டார் அத்தான்.

"வந்த மாதிரியே போங்க" என்றாள் அக்கா.

அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து நாலாக மடித்தாள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்து, அவருடைய முழங்காலுக்கும் அந்தத் தகரச் சுவருக்கும் நடுவில் கையைக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் அவர் முழங்கால் போய் அவள் கையில் மோதுவதும் அவள் கை தகரத்தில் இடிபடுவதும் எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. "எடுடி, கை சுடும்" என்று அத்தான் ஒரு தடவை சொன்னார். அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "முன்னால பஸ் போவுது பாருங்க" என்றாள். ராஜபாளையம் தாண்டி, வில்லிபுத்தூர் தாண்டி, தோப்புக்குள் போய் இஞ்சின் அணையும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.